நிரூபணமே கணிதத்தின் உயிர்

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அத்தகைய பேரெண் ஒன்று வெளிப்பட்டது. 2-ஐ 13,62,79,841 தடவை அடுக்கிப் பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் அது கிட்டும். அதனை எழுத 4,10,24,320 இலக்கங்கள் வேண்டும். அதன் பருமனைக்காட்டிலும் அது ஏற்கப்பட்ட முறையே நம் கருத்தைக் கவர்கின்றது. அது பகா எண்ணாதல் கூடும் என்று டப்ளின் நகரத்து இயந்திரமொன்று அறிவித்த மாத்திரத்தில் கணிதர் ஒப்பினரல்லர். டெக்ஸாஸ் மாகாணத்து மற்றோர் இயந்திரம், லூக்காஸ், லெமர் என்பார் வகுத்த சோதனையால் உறுதிசெய்த பின்னரே ஒப்பினர்.

இத்துணை எச்சரிக்கை எற்றுக்கு? 2, 3, 5, 7 என்னும் பகா எண்களின் தடவை 2-ஐ அடுக்கி ஒன்றைக் கழிக்க, முறையே 3, 7, 31, 127 வரும். நான்கும் பகா எண்களே. இனி எப்பகா எண்ணுக்கும் இவ்விதி பொருந்தும் என்று துணிவோமாயின், அடுத்த 11-லேயே இடறுவோம். அப்போது வரும் 2047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகையாம்.

நம் காவிரிக்கரைக் கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச ராமாநுஜனின் சரிதமும் இதனையே போதிக்கின்றது. 1903-இல் அவர் கைக்கு எட்டியது கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூல். அதில் முடிவுகள் ஆயிரக்கணக்கில் உள. நிரூபணமோ மிகச் சுருக்கம். 1913-இல் ஹார்டிக்கு வரைந்த கடிதத்தில், ஓர் எண்ணுக்குட்பட்ட பகா எண்கள் இத்தனை என்று கூறும் சூத்திரம் தம்மிடம் உண்டென்றும், எண் எவ்வளவு பெருகினும் பிழை சிறிதாகவே நிற்குமென்றும் குறித்தார். 1914-இல் லிட்டில்வுட் வெளியிட்ட தேற்றத்தால் அப்பிழை எல்லையின்றி வளரும் என்பது தெளிவாயிற்று. ஆயினும் அதே ராமாநுஜன், 1919-இல் இந்திய கணித சங்கத்தின் பத்திரிகையில், ஒன்றுக்கு மேற்பட்ட எவ்வெண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டென்பதை இரண்டே பக்கங்களில் நிறுவினார். 41 முதலாக எவ்வெண்ணின் பாதிக்குமேல் அவ்வெண் வரையிலும் ஐந்து பகா எண்களேனும் உளவென்பதையும் உடன் காட்டினார். முன்னது நிலைபெறவில்லை, பின்னது என்றும் நிலைக்கும்.

ராமாநுஜன் பெற்றது நாமகிரித் தாயாரின் அருள், நிரூபணம் மந்தமதியினர்க்கே என்பாரும் உளர். தோற்றுவிப்பது எதுவாயினும் சோதிப்பது நிரூபணமே என்போம் நாம். களத்தில் தூற்றாத நெல்லைக் குதிரில் சேர்க்கும் உழவர் தஞ்சைத் தரணியில் உளரோ?

இந்நாளில் மாணாக்கர் பலர் பரீட்சைக் குறிப்புகளில் சூத்திரங்களை மட்டும் உருப்போட்டு மதிப்பெண் பெறுகின்றனர். பேரறிவாளரையே இடறச்செய்த வழக்கம் நம்மை விட்டுவைக்குமோ? ஆதலின் நம் கலாசாலைக் கணித சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் மாணாக்கர் ஒருவர் கரும்பலகைமுன் நின்று, குறிப்பேதுமின்றி ஒரு தேற்றத்தை முற்ற நிறுவவேண்டும். கேட்போர் தடைவினா எழுப்பவேண்டும். பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் இதற்குத் துணைநிற்பாராக.