மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்குங்க.

போன மாசம் அன்னதான வரிசையில ஒரு பெரியவர். ரொம்ப வருஷப் பழக்கம். காலைப் பார்த்தா பெருவிரல் இல்ல. கேட்டேன். “பாகற்காய் சாறு குடிச்சா இனிப்புநீர் போயிடும்னு செய்தி வந்துச்சு தம்பி, மாத்திரைய நிறுத்திட்டேன். கால்ல புண்ணு வந்ததே தெரியல”ன்னார்.

அந்தச் செய்தி எங்க சுத்துச்சு? நம்ம கோயில் புலனக் குழுவுலதான். கைகூப்புற படம் போட்டு நாலு பேருக்கு அனுப்பினவன்ல நானும் ஒருத்தன்.

2019 தேசிய சுகாதார ஆய்வுல, இந்த நாட்டு இந்தியப் பெரியவங்கள்ல நூத்துக்கு 31 பேருக்கு இனிப்புநீர். மூணு இனத்துலயும் நாமதான் அதிகம். இந்த நிலைமையில ஒரு தலைப்ப மட்டும் படிச்சிட்டு மருந்த விடலாமா?

2023 ஜூலையில என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? சீனி இல்லாத கோலாவுல போடுற அஸ்பார்டேம் புற்றுநோய் வரவழைக்கலாம்னு எல்லாப் பத்திரிகையும் போட்டுச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வகம் அத ‘வாய்ப்பு இருக்கலாம்’ங்கிற பட்டியல்ல சேர்த்தது உண்மை. அதே பட்டியல்ல சோற்றுக்கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கு! அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு பலம்னு சொல்லுதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிசுன்னு சொல்லல. அதே நாள் இன்னொரு நிபுணர் குழு, 70 கிலோ ஆள் வரம்பைத் தாண்ட தினம் 9 முதல் 14 டின்னுக்கு மேல குடிக்கணும்னு சொல்லுச்சு. அத யாரு படிச்சா? நம்ம அக்கா ஒருத்தங்க பயந்துபோய் அத விட்டுட்டு, சீனி கொட்டின சிராப்புக்கு மாறிட்டாங்க.

‘ஆபத்து இரட்டிப்பு’ன்னு போடுவாங்க. எங்க பேக்டரியில பத்தாயிரத்துல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆகுறது ரெண்டானாலும் இரட்டிப்புதான். எத்தனையிலிருந்து எத்தனைன்னு கேளுங்க. சோதிச்சது மனுஷனையா எலியையா, எத்தனை பேர, அதையும் கேளுங்க. பாகற்காய் நல்ல காய்தான், தாராளமா சாப்பிடுங்க. ஆனா அத வச்சு நடந்த ஆய்வுகள்ல ஆட்கள் கொஞ்சம், முடிவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. மாத்திரைக்கு அது ஈடாகாது.

“முன்னோர் வைத்தியத்தக் கேவலப்படுத்துறியா?”ன்னு சிலர் வருவீங்க. ஐயா, முன்னோர் நாடி பிடிச்சுப் பார்த்துதான் மருந்து கொடுத்தாங்க. முகம் தெரியாத ஐந்நூறு பேருக்கு ஒரே மருந்த போன்ல அனுப்பல.

அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலை 272 படியும் ஏற முடியுமான்னு அந்தப் பெரியவர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரல.

இனிமே குழுவுல மருத்துவச் செய்தி வந்தா, எங்கிருந்து வந்ததுன்னு கேட்பேன். சொல்லலன்னா அழிச்சிடுவேன். அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளிதான், மருந்த மாத்தணும்னா அங்க போய்க் கேளுங்க.

இந்த வெள்ளிக்கிழமை அன்னதானத்துல பாயசம் சின்ன கப்புலதான் ஊத்துவோம். கோவிச்சுக்காதீங்க.