பெட்டிக்குக் காப்பீடு உண்டு, பிள்ளைக்குக் கிடையாதா?

ஆம்பூரிலிருந்து ஒரு கன்டெய்னர் ஷூ ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறது என்றால், அது சென்னைத் துறைமுகம் போய்ச் சேரும் முன்பே மரைன் இன்ஷூரன்ஸ் போட்டாகிவிடும். சரக்கு நனைந்தால் அதற்கு ஈடு. சரக்கை வாங்கியவர் பணம் தராமல் கையை விரித்தால் அதற்கும் ஈடு. அதற்கென்றே 1957இல் தொடங்கப்பட்ட இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. ஆகவே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் காப்பீடு என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதே ஊர்களிலிருந்து ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி விமானம் ஏறுகிறாள். அவள் கைப்பையில் இருக்கும் வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுப் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பெட்டி தொலைந்தால் பணம் உண்டு. பெட்டி தாமதமாக வந்தாலும் உண்டு. பாஸ்போர்ட் காணாமல் போனால் உண்டு. திடீர்ப் பல்வலிக்குக்கூட உண்டு. இத்தனையும் சொல்லி முடித்த பிறகு, யாரும் புரட்டாத பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும்: கர்ப்பம், பிரசவம், அவற்றால் வரும் சிக்கல்கள் ஆகியவற்றுக்கு இந்தப் பாலிசி பொறுப்பாகாது. இந்தியாவில் விற்கப்படும் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான்.

அந்த ஒரு வரியையும், அதை இத்தனை காலம் அனுமதித்து வந்திருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தையும், இதில் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல இருக்கும் அரசுத் துறைகளையும் கண்டிக்கவே இந்தத் தலையங்கம்.

வேலூரில் தாய்சேய் நலம் பற்றி எழுத உட்கார்ந்தால் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் கதையிலிருந்து தொடங்குவது வழக்கம். இம்முறை லிஸ்பனிலிருந்து தொடங்குவோம். 2022 ஆகஸ்ட். போர்ச்சுகலுக்குச் சுற்றுலா போன 34 வயது இந்தியப் பெண், 31 வாரக் கர்ப்பிணி, மூச்சுத்திணறலோடு அந்த நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனையான சாந்தா மரியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இடமில்லை. இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியில் அவருக்கு இதயத் துடிப்பு நின்றுபோனது. அவசரமாக வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். எடை 722 கிராம். ஆம்பூரில் தைக்கிற ஆண்கள் ஷூ ஒரு ஜோடி அதைவிடக் கனமாக இருக்கும். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. ஆகஸ்ட் 30 அன்று போர்ச்சுகலின் சுகாதார அமைச்சர் மார்த்தா டெமிடோ பதவி விலகினார். பிரசவப் பிரிவுகள் மூடிக்கிடக்கின்றன என்ற புகார்கள் ஏற்கெனவே குவிந்திருந்தன என்பது உண்மை. ஆனாலும் ஊர் பேர் தெரியாத ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் சாவு அந்த நாட்டு அமைச்சரின் நாற்காலியை அசைத்தது.

இன்னொன்று மக்காவில் நடந்தது. 2024 ஹஜ்ஜுக்கு வந்திருந்த நைஜீரிய நாட்டுப் பெண், வயது 30, அவரும் 31ஆம் வாரத்தில் இருந்தவர், அங்குள்ள தாய்சேய் மருத்துவமனையில் ஆண் குழந்தை பெற்றார். அந்த ஆண்டு ஹஜ்ஜின் முதல் பிறப்பு. குறைமாதக் குழந்தை என்பதால் தனிக் கவனிப்பில் வைத்தார்கள், முஹம்மது என்று பெயரிட்டார்கள், செய்தி உலகெங்கும் போனது. மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் உம்ராவுக்குக் குழுக்குழுவாகக் கிளம்புகிற குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தெரிந்திருக்காது.

ஒரே 31ஆம் வாரம்தான். எந்த வாசலில் வலி வந்தது, அந்த வாசலில் யார் பொறுப்பேற்றார்கள் என்பதில்தான் வேறுபாடு.

37 வாரம் நிறையும் முன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. பத்தில் ஒன்றுக்கும் சற்று அதிகம். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு, ஏறத்தாழ 30 லட்சம். பத்து கர்ப்பிணிகளில் ஒருத்திக்கு வரக்கூடியதை, அதிலும் நம் நாட்டில்தான் மிக அதிகமாக நடப்பதை, நம் நாட்டில் விற்கிற பாலிசி ‘பொறுப்பாகாது’ என்று ஒதுக்குகிறது. விமானத்தில் எத்தனை பெட்டி தொலைகிறது என்று கணக்குப் பார்த்து பிரீமியம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போகுமா?

கம்பெனிக்காரர்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். பிரசவம் என்பது எதிர்பாராத ஆபத்து கிடையாது, தேதி தெரிந்த நிகழ்ச்சி; அதற்கு ஈடு தந்தால் வெளிநாட்டில் பிள்ளை பெறுவதற்கென்றே கிளம்பிவிடுவார்கள் என்பார்கள். நிறைமாதப் பிரசவத்துக்கு அந்தப் பதில் பொருந்தும். அதை விலக்கிக் கொள்ளட்டும், நாம் சண்டைக்கு வரவில்லை. ஆனால் 31ஆம் வாரத்தில் வலி வருமென்று தேதி குறித்து டிக்கெட் போட்டவள் யார்? பல குறைப்பிரசவங்களுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. 28 வாரம் தாண்டினால் பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் சான்றைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் கேட்கின்றன. அந்தச் சான்றோடு ஏறியவளுக்கும் பனிக்குடம் உடையலாம்.

பிரிட்டனில் பல பயணக் காப்பீடுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. பிரசவ நாளுக்கு இத்தனை வாரம் முன்னதாகப் பிள்ளை பிறந்தால் அது கர்ப்பச் சிக்கல், அதற்கு ஈடு உண்டு; அதற்குப் பிறகு என்றால் வழக்கமான பிரசவம், ஈடு இல்லை. அவ்வளவுதான் விஷயம். நம் சட்டத்துக்கும் இது புதிதில்லை. 1961இன் மகப்பேறு நலச் சட்டம் குறைப்பிரசவத்தால் வரும் உடல்நலக் கேட்டைத் தனியே பெயர் சொல்லி, அதற்கு ஒரு மாதம் வரை கூடுதல் விடுப்பு தந்தது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்ணின் விஷயத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்துக்குப் புரிந்தது, பாலிசி எழுதுகிறவர்களுக்கு இன்னும் புரியவில்லை.

பொடி எழுத்து பணக்கார நாட்டாரையும் விட்டதில்லை. 2013இல் ஹவாய்க்குப் போன கனடாப் பெண் ஒருவருக்கு ஒன்பது வாரம் முன்னதாகக் குழந்தை பிறந்தது. பயணத்துக்கு மருத்துவர் சம்மதம் வாங்கியிருந்தார், காப்பீடும் எடுத்திருந்தார். மருத்துவமனை பில் சுமார் ஒன்பதரை லட்சம் டாலர். முன்பே உடலில் கோளாறு இருந்தது என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பில் ஆம்பூரில் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் தலையில் விழுந்தால் எத்தனை தலைமுறைக்குக் கட்டுவது?

நம் வட்டாரத்தின் உண்மையான கதை சுற்றுலா கிடையாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவனைப் பார்க்கப் போகிற மனைவியின் கதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தைக் குடியிருப்பு விசாவில் வரவழைக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். தங்குமிடம் கம்பெனி கொடுத்தால் 3,000 போதும். அதை எட்டாதவர் விசிட் விசா எடுக்கிறார். இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்திருக்கக் கிடைக்கும் அறுபது நாள். ‘கர்ப்பிணிக்கு எதற்குப் பயணம்?’ என்று கேட்கும் பெரியவர்கள் அந்த அறுபது நாளின் அருமையை யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

துபாயில் முறைப்படி வசிக்கிறவர்களுக்கு 2013இன் சட்டப்படி மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதன் அடிப்படைத் திட்டத்திலேயே பிரசவமும் வருகிறது. விசிட் விசாவில் இருப்பவள் அதற்கு வெளியே நிற்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? ‘குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்’ என்று ஊருக்குப் போன் வரும். அந்தக் கண்ணாடிப் பெட்டியில் குழந்தை எத்தனை வாரம் இருக்கும் என்று முதல் நாளில் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் பிரசவ நாள் நெருங்கும் வரை இருக்க வேண்டிவரும். பில் நாளுக்கு நாள் ஏறும். தாயின் விசா முடியும். குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்கு முன் பிறப்பை இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், அதற்கு முன் மருத்துவமனைச் சான்று வேண்டும். பில் கட்டாமல் எந்தக் காகிதம் நகரும்?

இனி மத்திய அரசின் பக்கம் வருவோம். வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறது என்று வெளியுறவு அமைச்சகம் பெருமையாகச் சொல்லும். 2017இல் திருத்திய அந்தத் திட்டத்தில், இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியத்தில், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. நல்லதுதான். மகப்பேற்றுக்கு எவ்வளவு தெரியுமா? சுகப்பிரசவத்துக்கு 35,000 ரூபாய், சிசேரியனுக்கு 50,000. வளைகுடாத் தனியார் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையின் தீவிர சிகிச்சைக்கு முன் இந்தத் தொகை எந்த மூலைக்கு? அதுவும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும். வேலைக்குப் போனவனைப் பார்க்கப் போன மனைவி இதில் வரமாட்டாள்.

இதில் இன்னொரு வேடிக்கை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்காரர்களுக்குத்தான் இந்தக் காப்பீடு கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்த அனுமதி வேண்டாம், ஆகவே கட்டாயக் காப்பீடும் இல்லை. தோல் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பாடுபட்டுப் பத்தாவது பாஸ் செய்ய வைத்தோமே, அதற்குக் கிடைத்த பரிசு இது.

2009இலிருந்து இந்தியத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. துன்பத்தில் சிக்கிய இந்தியர்களின் அவசர சிகிச்சைக்கு அதிலிருந்து உதவலாம். தூதரகச் சேவைகளுக்கு நம் ஆட்கள் கட்டும் கட்டணத்திலிருந்து சேரும் பணம் அது. ஆனால் நள்ளிரவில் பிரசவ வார்டு வாசலில் நிற்கும் கணவனுக்கு, அங்கே போய்க் கேட்கலாம், இன்னின்ன காகிதம் போதும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவர் உண்டா? சென்னை அரசும் தப்ப முடியாது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினம் என்று மேடை போட்டுக் கொண்டாடுகிறார்கள். அந்த மேடையில் வெற்றி பெற்ற தொழிலதிபர்கள் ஏறுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள். விசிட் விசாவில் போனவளின் குறைமாதக் குழந்தையைப் பற்றி அயலகத் தமிழர் நல வாரியம் அடுத்த ஜனவரிக்குள் ஒரு திட்டத்தை முன்வைக்கட்டும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம்; அவசர மருத்துவமனைச் சிகிச்சைக்கு அது ஈடு தர வேண்டும் என்பது அவர்களின் விதி. மிலான் தோல் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகும் நம் வியாபாரிகளும் அந்தப் பாலிசியை வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். 31ஆம் வாரத்தில் வரும் வலி அவசரத்தில் சேராது என்று எந்த மருத்துவ நூலில் எழுதியிருக்கிறது? ஒழுங்குமுறை ஆணையம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் திருத்த வேண்டும்: 36 வாரத்துக்கு முன் வரும் கர்ப்பச் சிக்கலும் குறைப்பிரசவமும், பிறந்த குழந்தை விமானம் ஏறும் நிலைக்கு வரும்வரை அதன் சிகிச்சையும், ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணப் பாலிசியிலும் கட்டாயமாக இடம்பெற வேண்டும். பிரீமியம் சில நூறு ரூபாய் கூடினால் கூடட்டும். எதற்கு ஈடு இல்லை என்பதை முதல் பக்கத்தில், வாங்குபவர் மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடிக்கட்டும்.

பிரவாசி பீமா திட்டத்தில் மகப்பேற்றுத் தொகையை உயர்த்தி, கணவனைப் பார்க்கப் போகும் மனைவியையும் பிறக்கும் குழந்தையையும் சேர்ப்பது வெளியுறவு அமைச்சகத்தின் வேலை.

ஊருக்கு உபதேசம் செய்வதோடு நிறுத்தினால் நாமும் குற்றவாளிகள்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகைகள் வங்காளத்தில், மெஸ்ஸில் மீன்குழம்பும் சோறும். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு வேலூர்தான் வெளிநாடு. அவர்களில் ஒருத்திக்கு இங்கே முன்கூட்டியே பிள்ளை பிறந்தால், துபாயில் நம் பெண் அலைகிற அதே அலைச்சல்தான். குழந்தைக்குத் தன் நாட்டுத் தூதரகத்தில் பயண ஆவணம், அதன்பின் இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி, இடையில் தாயின் விசா நீட்டிப்பு, லாட்ஜ் வாடகை. மொழி தெரியாத தகப்பன் குழந்தையைப் பெட்டியில் விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக நிற்கிறான்.

இதைச் சரிசெய்ய டெல்லியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் காவல் அலுவலகத்தின் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவு, மருத்துவமனைக் கடிதம் ஒன்றையே ஆதாரமாக வைத்து, தாய், தகப்பன், குழந்தை மூவரின் காகிதங்களையும் ஒரே மேசையில் வாங்கிக்கொள்ளலாம். வாரத்தில் ஒருநாள் அலுவலர் ஒருவர் மருத்துவமனைக்கே வந்து உட்காரலாம். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஒரு பிற்பகலில் கூடிப் பேசினால் மறுநாள் காலையில் அந்த மேசையைப் போட்டுவிடலாம்.