நிறுத்தத் தெரிந்த பாடகர்

பாடத் தெரிந்தவர்கள் உலகில் அநேகர் உண்டு. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்களோ மிகச் சிலர். ஒரு கச்சேரியை மட்டுமின்றித் தம் சங்கீத வாழ்க்கையையே நிறுத்தத் தெரிந்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் பில் விதர்ஸ்.

அமெரிக்கா தேசத்து நீக்ரோ மக்களின் தேவாலய கானத்திலிருந்து பிறந்த சங்கீதத்துக்கு 'ஸோல்' என்று பெயர். ஆத்மா என்று பொருள். அந்தச் சங்கீதத்தில் பெயர் பெற்ற விதர்ஸ், மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் ஸ்லாப் போர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938-ம் வருஷம் பிறந்தார். பதின்மூன்றாவது வயதில் தந்தையை இழந்தார். போதாததற்குத் திக்குவாய் வேறு. பேசவே தடுமாறிய பிள்ளை பிற்காலத்தில் பாடிப் பெயரெடுப்பான் என்று யார் கண்டது?

ஒன்பது வருஷம் கப்பற்படையில் உழைத்துவிட்டு, 1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே தொழிற்சாலை வேலை. ஆகாய விமானங்களுக்கு ஆசனம் செய்யும் உத்தியோகம். ஆசனம் என்றதும் சிம்மாசனம் என்று எண்ணிவிட வேண்டாம். விமானத்துக் கக்கூஸில் பொருத்தும் ஆசனந்தான்! அடகுக் கடையில் ஒரு கிதார் வாங்கி, தாமாகவே வாசிக்கக் கற்று, பாட்டுக்களை இயற்றினார்.

1971-ல் ஸஸெக்ஸ் என்னும் சிறிய கம்பெனி அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அட்டைப் படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார். அதிலுள்ள 'எயின்ட் நோ ஸன்ஷைன்' என்ற பாட்டில் இரண்டே சிறிய சொற்களை 26 முறை திருப்பித் திருப்பிப் பாடுகிறார். அந்த இடத்தில் வேறு வரிகள் எழுத உத்தேசித்திருந்தார். கூட வாசித்தவர்கள், "அப்படியே இருக்கட்டும்" என்றார்கள். அந்தப் பாட்டுக்கு கிராமி பரிசு கிடைத்தது.

மறு வருஷம், புதிதாக வாங்கிய பியானோவில் விரல்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தபோது பிறந்தது 'லீன் ஆன் மீ'. அயலார் கஷ்டத்துக்குத் தோள் கொடுப்பதே ஸ்லாப் போர்க் வழக்கம், அதையே பாட்டாக்கினார். 1972 ஜூலையில் அது அமெரிக்காவில் முதல் ஸ்தானத்தை அடைந்தது.

ஸஸெக்ஸ் நொடித்துப் போகவே, 1975-ல் கொலம்பியா என்னும் பெரிய கம்பெனிக்குச் சென்றார். இங்கேதான் சங்கடம் ஆரம்பமாயிற்று. எப்படிப் பாட வேண்டுமென்று உபதேசம் செய்ய அங்கே பலர் இருந்தார்கள். எல்விஸ் பிரஸ்லி பாடிய பாட்டு ஒன்றைப் பாடும்படிகூட யோசனை வந்ததாக விதர்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பாட்டை எழுதிப் பிழைப்பவனிடம் பிறர் பாட்டைப் பாடச் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? 1977-ல் 'லவ்லி டே' பாட்டில் ஒரே ஸ்வரத்தைப் பதினெட்டு விநாடி பிடித்து நிறுத்திக் காட்டினார். 1978-க்குப் பிறகோ ஏழு வருஷம் அவர் பெயரில் புதிய தட்டுத் தொகுதியே இல்லை. 1985-ல் எட்டாவதும் கடைசியுமான தொகுதி வந்தது. அத்துடன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

2015-ல் ராக் அண்டு ரோல் கீர்த்தி மண்டபத்தில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள். 2020 மார்ச் 30-ந் தேதி, எண்பத்தொன்றாம் வயதில் காலமானார். கொள்ளை நோய்க்கு அஞ்சி உலகமே கதவடைத்திருந்த அந்த நாட்களில், 'லீன் ஆன் மீ' பாட்டைப் பாடி ஜனங்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக் கொண்டார்கள்.

அவர் இன்னும் முப்பது வருஷம் பாடியிருக்கலாகாதா என்று நமக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், மனத்தில் இல்லாததைப் பாடுவதைவிட மௌனமே மேல் என்று அவர் தீர்மானித்தார். பிறர் சொன்னபடி இன்னும் பத்துத் தொகுதிகள் பாடியிருந்தால், அந்த எட்டும் இவ்வளவு சுத்தமாக நம் காதில் ஒலிக்குமா?