வரி கட்டி முடிந்தபின் ஏது ஜப்தி?

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் என்ற வரியில் பாக்கி வைத்திருந்த ஒருவர், தாமதமாகவேனும் முழுப் பாக்கியையும் கவுன்சிலின் கணக்கில் கட்டிவிடுகிறார். ரசீது கையில் இருக்கிறது. அதோடு விவகாரம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கவுன்சிலுக்காகப் பாக்கி வசூலிக்கும் தனியார் பெய்லிஃப் நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது, இல்லாவிட்டால் ஆளே வாசலில் வந்து நிற்கிறார். வரி போய்ச் சேர்ந்துவிட்டது சரி, எங்கள் கட்டணம் 310 பவுண்டு பாக்கி இருக்கிறது, அதைக் கட்டாவிட்டால் காருக்குப் பூட்டுப் போடுவோம் என்கிறார். இப்படி மிரண்டுபோய்க் கட்டியவர்கள் ஏராளம். பொதுமக்களுக்குச் சேர வேண்டிய வரியை வசூலிப்பதற்காகச் சட்டம் கொடுத்த ஜப்தி அதிகாரம், அந்த வரி கவுன்சிலின் கையில் வந்து சேர்ந்தவுடன் முடிந்துவிட வேண்டும் என்பதே என் வாதம். ஒரு தனியார் நிறுவனத்தின் கட்டணத்துக்காக மட்டும் அந்த அதிகாரம் நீடிப்பதற்கு எந்தக் கவுன்சிலும் இடம்கொடுக்கக் கூடாது.

விவகாரம் இந்த இடத்துக்கு எத்தனை சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தலைவரிக்கு எதிரான பெரும் போராட்டத்துக்குப் பிறகு, 1993இல் நடைமுறைக்கு வந்தது கவுன்சில் டாக்ஸ். பொதுவாக ஆண்டுக்குப் பத்துத் தவணை. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாளில் கட்ட வேண்டும். கட்டாமல் இன்னும் ஏழு நாள் கடந்தால், தவணை என்ற சலுகை போய் அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரே மூச்சில் கட்ட வேண்டியதாகிவிடும். அடுத்தது, பாக்கியை உறுதிசெய்து வசூலுக்கு வழிவிடும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பொறுப்பு ஆணை. நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே அமர்வில் இத்தகைய ஆணைகள் பிறப்பிக்கப்படுவது அங்கே வழக்கம். வழக்குச் செலவும் பாக்கியோடு சேர்ந்துகொள்ளும். அந்தச் செலவை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று மாஜிஸ்திரேட்டுகள் கேட்டிருக்க வேண்டும் என உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாரிங்கே கவுன்சில் விதித்த 125 பவுண்டை எதிர்த்து, பாதிரியார் பால் நிக்கல்சன் நடத்திய வழக்கு அது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் வேறு யாரும் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆணை கிடைத்தபின் கவுன்சில் அந்தக் கோப்பைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். 2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் கட்டணத்தைப் படிப்படியாக வகுத்தன. கோப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தவுடன் 75 பவுண்டு. ஆள் வாசலுக்கு முதன்முறை வந்தவுடன் 235 பவுண்டு. பொருளை ஏலத்துக்குக் கொண்டுபோகும் கட்டத்தில் 110 பவுண்டு. பாக்கி 1,500 பவுண்டைத் தாண்டினால், பின்னிரண்டு கட்டங்களிலும் தாண்டிய தொகைக்கு 7.5 சதவீதம் கூடுதல். அதற்கு முன்பு, வராத நாளுக்கும் வந்ததாகக் கணக்கு எழுதிப் பணம் கறந்த புகார்கள் மலிந்திருந்தன. அந்த வகையில் 2014 விதிகள் முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாக்கி 100 பவுண்டாக இருந்தாலும் 1,400 பவுண்டாக இருந்தாலும் அந்த விதிகளில் வாசல் கட்டணம் அதே 235தான். சின்னக் கடன்காரருக்குத்தான் இது பெரிய அடி.

2014 விதிகள் வகுத்த கட்டணப்படி கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். பாக்கி 180 பவுண்டு, பெய்லிஃப் ஒருமுறை வந்துபோய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 310 சேர்ந்து மொத்தம் 490 பவுண்டு. அந்தக் குடும்பத்திடம் இருப்பது 180தான். அதை அப்படியே பெய்லிஃப் நிறுவனத்திடம் கட்டுகிறார்கள். விதிப்படி முதல் 75 நிறுவனத்துக்கு. மிச்சம் 105 பவுண்டு, வரிப் பாக்கிக்கும் மீதிக் கட்டணத்துக்கும் விகிதப்படி பிரியும். வரிக்குப் போவது ஏறக்குறைய 45 பவுண்டு 50 பென்ஸ். நிறுவனத்துக்குப் போவது 134 பவுண்டு 50 பென்ஸ். தெருவிளக்குக்கும் குப்பை அள்ளுவதற்கும் முதியோர் பராமரிப்புக்கும் என்று வசூலிக்கப்படும் வரியில் முக்கால் பங்கு, வசூலிக்கப் போனவர் கைக்கே போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர் நேராகக் கவுன்சிலிடம் 180ஐயும் கட்டிவிடுவதில் என்ன தவறு? பொதுப் பணம் முழுசாகப் பொதுக் கணக்குக்குப் போகட்டும் என்றுதான் அவர் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு வருவதுதான் அந்த 310 பவுண்டுக் கடிதம்.

இங்கே இரண்டு வேறு நிலைமைகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பணம் கட்டிய பிறகு தொடங்கிய கட்டத்துக்குக் கட்டணம் கேட்பது ஒன்று. அதைச் சட்டமே தடுக்கிறது. ஜப்தி அதிகாரம் செல்லாதுபோன பிறகு எடுத்த எந்த நடவடிக்கைக்கும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2014 கட்டண விதிகளின் 17ஆம் விதி சொல்கிறது. கோப்பு நிறுவனத்துக்குப் போகும் முன்பே பாக்கி தீர்ந்திருந்தால் 75கூட கேட்க முடியாது. ஆனால் நடப்பில் இந்தத் தேதிகள்தான் புரண்டுபோகின்றன. கணினியில் தொகுப்பாகக் கோப்புகள் கைமாறுகின்றன. வங்கி வழியாக வந்த பணம் கணக்கில் ஏறச் சில நாள் ஆகிறது. எந்த ஆண்டுப் பாக்கி என்று குறிப்பிடாமல் கட்டிய பணத்தைக் கவுன்சில் நடப்பு ஆண்டுக் கணக்கில் வரவு வைத்துவிட, பழைய ஆண்டின் பாக்கி தீராததுபோலவே காட்சி தருகிறது. கட்டியவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த இருவர், கவுன்சிலும் நிறுவனமும், தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கடன்பட்டவர் தலையில் கட்டுகிறார்கள். எப்போது பணம் வந்தது, எப்போது கோப்பு போனது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு, ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது நிலைமை சிக்கலானது. கோப்பு போய், ஆளும் வந்துபோன பிறகு கவுன்சிலிடம் நேரடியாக வரியை மட்டும் கட்டினால், சட்டம் நிறுவனத்தின் பக்கம்தான் நிற்கிறது. ஜப்தி அதிகாரத்தை வகுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் அட்டவணை, நிலுவைத் தொகை என்பதில் வரிப் பாக்கியோடு கட்டணத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே வரி தீர்ந்தாலும், கட்டணம் மிச்சம் இருக்கும்வரை ஜப்தி தொடரலாம். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்; கவுன்சிலிடம் கட்டிவிட்டால் கட்டணம் தானாக ஒழிந்துவிடும் என்று நம்பவைப்பது மக்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் தொடரலாம் என்று சட்டம் சொல்வதால் தொடர்ந்தே ஆக வேண்டும் என்றாகிவிடாது. பெய்லிஃபை அனுப்பியது கவுன்சில். திரும்ப அழைக்கவும் கவுன்சிலால் முடியும். உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனும், கவுன்சிலுக்காக வேலை செய்யும் பெய்லிஃபின் நடத்தைக்குக் கவுன்சிலையே பொறுப்பாக்குகிறார். எங்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது, மீதியை நிறுவனத்திடம் பேசிக்கொள்ளுங்கள் என்று கவுன்சில் அதிகாரி தொலைபேசியில் சொல்லும் பதில் ஏற்கத்தக்கதல்ல.

அந்தப் பதிலுக்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கவுன்சில் நிறுவனத்துக்கு ஒரு காசும் தருவதில்லை. நிறுவனத்தின் வருமானம் முழுவதும் கடன்பட்டவரிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே வருகிறது. கவுன்சிலின் வரவு செலவுக் கணக்கில் இதற்குச் செலவே கிடையாது. செலவு இல்லாத ஒன்றைக் குறைத்துக்கொள்ள யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. இன்னொரு கடிதம் போடலாமா, சம்பளத்தில் பிடித்தம் செய்யலாமா, தவணை பேசலாமா என்பதெல்லாம் கவுன்சில் ஊழியரின் நேரத்தைக் கேட்கும். கோப்பை அனுப்புவது ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். கட்டணத்துக்காக மட்டும் ஜப்தி நீடிப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒழுங்காக வரி கட்டுகிறவர் கேட்பார்: கட்டாதவருக்கு ஏன் இத்தனை பரிவு? இங்கிலாந்தில் 2024 மார்ச் இறுதியில் வசூலாகாத கவுன்சில் டாக்ஸ் சுமார் 600 கோடி பவுண்டு. அது சிறிய தொகையல்ல. கட்டாதவர்களின் சுமையைக் கட்டுகிறவர்கள் சுமப்பது அநியாயம்தான். ஆனால் நான் பேசுவது வரியைக் கட்டிவிட்டவரைப் பற்றி. அந்த 310 பவுண்டில் அண்டைவீட்டுக்காரரின் வரி ஒரு பென்ஸ்கூடக் குறையப்போவதில்லை. மாறாக, அந்தக் கட்டணத்தைக் கட்டப்போனவரிடம் அடுத்த மாதத் தவணைக்குப் பணம் இருக்காது. மறுபடி பாக்கி, மறுபடி ஆணை. நிறுவனம் செய்த வேலைக்குக் கூலி வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும். ஆனால் கூலிக்கு எத்தனையோ தொழில்களில் பாக்கி நிற்கிறது; குழாய் ரிப்பேர் செய்தவர் தன் கூலிக்காக வாடிக்கையாளரின் காரைப் பூட்டிவிட முடியாது, வழக்குத்தான் போட வேண்டும். வரி வந்து சேர்ந்தபின் கட்டணமும் அப்படி ஒரு சாதாரணக் கடனாக மாறட்டும், அல்லது அனுப்பிய கவுன்சிலே அதைக் கொடுக்கட்டும். அப்படியானால் எல்லோரும் பெய்லிஃப் வந்தபின் கவுன்சிலிடம் கட்டித் தப்பித்துக்கொள்வார்களே என்பார்கள். சிலர் செய்வார்கள்தான். அப்போதும் வரி முழுசாக வந்து சேர்ந்திருக்கும். ஏற்பாட்டின் நோக்கமே அதுதானே.

மொழி தெரியாதவர்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற இடங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஆங்கிலக் கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அவர்களில் உண்டு. அரசு 2014இல் வெளியிட்ட தேசியத் தரநெறிகள், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலில் ஆங்கிலம் பேசவோ படிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுகிறவர்களையும் சேர்த்திருக்கின்றன. அத்தகைய நிலையில் இருப்பவருக்கு உதவியும் ஆலோசனையும் பெறப் போதிய வாய்ப்பு தராமல் பொருளை எடுக்கப் போனால், அந்த வாசல் கட்டணத்தை வசூலிக்க முடியாது என்று கட்டண விதிகளே சொல்கின்றன. வீட்டில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை மட்டும் இருந்தால் பெய்லிஃப் உள்ளே நுழையவே கூடாது. கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காக முதல் முறையிலேயே கதவை உடைத்துக்கொண்டு வரவும் முடியாது. இவற்றை அறியாமல் கதவைத் திறந்துவிட்டுக் கைநடுங்கி நிற்பவர்களிடம்தான் கட்டணம் எளிதாக வசூலாகிறது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. மேற்கு லண்டனின் ஹாமர்ஸ்மித் அண்டு ஃபுல்ஹாம் கவுன்சில், கவுன்சில் டாக்ஸுக்குப் பெய்லிஃப் அனுப்புவதையே கைவிட்டது. நாடாளுமன்ற நீதிக் குழு 2019இல் இந்தத் துறைக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022இல் அமலாக்க நடத்தை வாரியம் பிறந்தது. தனியார் நிறுவனங்களின் நடத்தையை அது பார்த்துக்கொள்ளட்டும். கவுன்சில்கள் தங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியது அதைவிட எளிது: கோப்பை அனுப்பும் நாளிலும் ஆளை வாசலுக்கு அனுப்பும் நாள் காலையிலும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், வரி முழுதும் வந்துவிட்டால் அன்றே கோப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை, கட்டியபின்னும் கடிதம் வருகிறவர்கள் நிறுவனத்தோடு வாசலில் வாதிடுவதை விட்டு, கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பணம் வந்த நாள், கோப்பு நிறுவனத்தின் கைக்குப் போன நாள், பெய்லிஃப் முதலில் வந்த நாள் ஆகிய மூன்றையும் எழுத்திலேயே தரும்படி கேளுங்கள். எந்த ஆண்டின் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணத் தொகையே தகராறு என்றால் நீதிமன்றம் அதைக் கணக்கிட்டுத் தீர்மானிக்க விதியில் இடம் இருக்கிறது. தேதிகள் உங்கள் பக்கம் இருந்தால், அந்தக் கட்டணத்தை ஒரு பென்ஸ்கூடக் கட்ட வேண்டியதில்லை.