ஜன்னலில் தூங்கினவன்



சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பேருந்தில் காலையில் ஏறிப் பாருங்கள். நின்று கம்பியைப் பிடித்தபடியே தூங்குகிறவர்கள் எத்தனை பேர்! பாகாலா சந்திப்பின் பலகைகளிலும், திருப்பதி இரயில் நிலைய வாசலில் நிற்கும் வாடகைக் கார்களின் பின் இருக்கைகளிலும் இதே காட்சிதான். பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்களும் அவர்களில் உண்டு. கிடைத்த இடத்தில், கிடைத்த நேரத்தில் கண்ணயரும் இப்பழக்கத்தை நான் வெகுகாலம் சோம்பல் என்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் சபையில் ஒரு சகோதரர், நான் வேதத்தைத் திறந்ததும் தலை சாய்ந்துவிடுவார். ஒரு ஞாயிறன்று பொறுமையிழந்து, நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தின் எறும்பை எடுத்து, அவரைப் பார்த்தே பிரசங்கித்தேன். சபையார் சிரித்தார்கள். அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை. வீடு சந்திக்கச் சென்றபோது அவருடைய மனைவி, "ஐயா, இது மாம்பழக் காலமல்லவா? ராத்திரி கூழ் ஆலையில் வேலை, பகலில் மண்டியில் லோடு இறக்குகிறார். வீட்டில் படுக்க நேரம் எங்கே? உங்கள் சத்தத்தைக் கேட்டால்தான் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்பார்" என்றார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் கிளிமூக்கு மாங்காய் வந்து குவியும்போது சித்தூர்ப் பக்கத்து ஆலைகள் இரவும் பகலும் ஓடும் என்பதை நான் அறியாதவனல்ல. அறிந்தும் அவரைச் சோம்பேறியாக்கினேன். அன்று அவர் வீட்டுத் திண்ணையிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

அதன்பின் அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். துரோவாவில் மேல்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு, பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டிருக்கையில் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். வாரத்தின் முதல் நாள் அக்காலத்தில் விடுமுறையல்ல. 321ஆம் ஆண்டில்தான் கான்ஸ்டன்டைன் பேரரசன் அதை ஓய்வுநாளாக அறிவித்தான். பகலெல்லாம் உழைத்துவிட்டுக் கூடிவந்தவர்கள் அங்கே இருந்திருக்கக்கூடும். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். கடிந்துகொண்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. (பவுலின் பிரசங்கத்திலேயே ஒருவன் தூங்கினான் என்பது என்னைப் போன்ற போதகருக்குச் சற்று ஆறுதல்தான்.) சூரைச்செடியின் கீழ்த் தூங்கின எலியாவையும் தேவதூதன் தட்டியெழுப்பினான், போஜனம் கொடுத்து, மறுபடியும் படுக்கவிட்டான். யோனாவின் தூக்கம் வேறு. அது ஓடி ஒளிகிறவனின் தூக்கம். நடுநிசிவரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஆராதனையில் அயருகிறவர்கள், தாங்கள் எந்த வரிசை என்று தாங்களே நிதானிக்கட்டும்.

இரவு முழுதும் படுத்திருந்தும், உரத்த குறட்டையும் மூச்சுத்திணறலுமாயிருந்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவர்களுக்கு அது ஒரு நோயாயிருக்கலாம். மருத்துவரிடம் செல்வது அவிசுவாசமல்ல, ஜெபித்துக்கொண்டே செல்லுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களைக் குறித்தே எனக்கு அதிக பாரம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான 1961ஆம் ஆண்டுச் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றும் வரையறுத்தது. வாடகை வண்டி ஓட்டும் நம் சகோதரருக்கு அந்தக் கணக்கைப் பார்த்தவர் யார்? தேநீரும் பாட்டும் தூக்கத்துக்கு ஈடாகா. வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் உறங்குகிறவரைப் பின்னால் இருப்பவர்கள் அவசரப்படுத்தாதிருங்கள்.

ஒருமுறை திருப்பதியில் முழு இரவு ஜெபம் முடித்து, விடியற்காலை 4 மணிக்கு வேனில் சித்தூருக்குத் திரும்பினோம். சுமார் 70 கிலோமீட்டர். எங்களோடு இரவெல்லாம் கைதட்டித் துதித்த சகோதரரே ஓட்டுநர். சந்திரகிரியைத் தாண்டியதும் வண்டி சாலையைவிட்டு இறங்கியது. பிள்ளைகளின் அலறலில் அவர் விழித்தார். கர்த்தர் காத்தார் என்று எல்லாரும் சாட்சி சொன்னோம். ஓட்டுநரைத் தூங்கவிடாதவர்கள் நாங்களே என்று ஒருவரும் சாட்சி சொல்லவில்லை.

இப்பொழுது எங்கள் சபையில் முழு இரவு ஜெபத்தன்று, வண்டி ஓட்டுகிறவர்கள் 10 மணிக்கே பின் அறையில் படுத்துவிடவேண்டும். இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் வெளிச்சமாகுமுன் புறப்படக்கூடாது. இதற்கென்று பன்னிரண்டு பாய்கள் வாங்கி வைத்திருக்கிறோம். முன்சொன்ன சகோதரர்தான் அவற்றை விரிக்கிறார். மாம்பழக் காலத்தில் அவர் தூணோரம் சாய்ந்தால், நான் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறேன்.