பழைய பயிற்சியாளர் திரும்பி வரலாமா?

தோற்றுத் துவளும் கால்பந்து அணிக்குப் பழைய பயிற்சியாளரை அழைக்கத் தென்காசிக் கல்லூரி ஒன்று நினைத்தால், முதலில் சென்னையின் எஃப்சி கதையைப் பார்க்கட்டும்.

2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்தபோது அந்த அணி பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. மூன்றே மாதத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டம்! ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றாலும் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். பிறகு ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய் 2021-22 லீக் ஷீல்டையும் வென்றார். 2023-இல் சென்னைக்கே திரும்பினார். முதல் பருவத்தில் ஆறாமிடம். அடுத்ததில் 13 அணிகளில் பதினொன்றாமிடம்.

ஆள் மாறவில்லை, அணி மாறியிருந்தது. முதல் முறை 15 கோல் அடித்த முன்கள வீரர் வால்ஸ்கிஸ் இரண்டாம் முறை இல்லையே!

ஆனால் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2015-இல் இரண்டாம் முறை இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது, அதன் உலகத் தரவரிசை 171. புதிய இளைஞர்களைத் துணிந்து இறக்கினார். 2017-இல் 96-ஐத் தொட்டது இந்தியா.

ஆகவே பழைய கோப்பைகளை மட்டும் பார்த்து யாரையும் அழைக்கக்கூடாது. இன்றைய மாணவர்களை வைத்து மூன்றாண்டில் என்ன செய்வார் என்று எழுதி வாங்க வேண்டும். அதே கேள்வியை உள்ளூர் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் கேட்க வேண்டும்.