விளையாட்டுத் திடலில் உடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கோரும் மனு

இடம்: கோவில்பட்டி

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஹாக்கி வீராங்கனைகள், பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர்கள் இணைந்த சங்கம்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
1. உறுப்பினர் செயலர் அவர்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை.
2. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தூத்துக்குடி.
3. முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், தூத்துக்குடி.

பொருள்: ஹாக்கி மற்றும் பிற விளையாட்டுகளின் பயிற்சியிலும் போட்டியிலும் மாணவிகள் ஷார்ட்ஸ், ஸ்கர்ட், டிராக் பேண்ட், டைட்ஸ் ஆகியவற்றுள் தமக்கு ஏற்றதை அணிய எழுத்துப்பூர்வமான ஆணை பிறப்பிக்கவும், அதற்குரிய வசதிகளைச் செய்து தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா அவர்களுக்கு,

கோவில்பட்டி வட்டாரத்தில் ஹாக்கி ஆடும் மாணவிகளின் சார்பில், கோடைக்காலப் போட்டிகள் தொடங்குமுன் தங்களின் மேலான கவனத்துக்கு இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். எங்கள் வேண்டுகோளின் சாரம் இதுதான்: இடுப்புக்குக் கீழே என்ன உடுத்தி ஆடுவது என்பதை ஆடும் பெண்ணே முடிவு செய்யட்டும், நிறமும் எண்ணும் அணிக்குப் பொதுவாக இருக்கட்டும்.

1. எங்கள் ஊரும் ஹாக்கியும்

தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன கோவில்பட்டிக்கு ஹாக்கியாலும் நாடறிந்த பெயர் உண்டு. செயற்கை இழைத் திடலும், ஆணையத்தின் விளையாட்டு விடுதியும், மே மாதத்தில் வெளிமாநில அணிகளெல்லாம் வந்து ஆடும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டியும் இந்தச் சிறுநகரை ஹாக்கி ஊராக்கியுள்ளன. இங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி இருவரும் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார்கள். அன்று முதல் எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலை, பசுவந்தனைப் பக்கத்துக் கிராமங்களில் ஹாக்கி மட்டை பிடிக்காத பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும்.

மகன்களுக்குத் திறந்த இந்த வழி மகள்களுக்கும் திறக்க வேண்டும் என்பதே எங்கள் சங்கத்தின் நோக்கம். ஆறாம், ஏழாம் வகுப்பில் ஆர்வத்தோடு ஆட வரும் சிறுமிகளில் பலர் ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது திடலில் இருப்பதில்லை. படிப்பு, வீட்டு வேலை, தொலைவு என்று காரணங்கள் பல. பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே பேசியபோது, வெளியே சொல்லத் தயங்கிய இன்னொரு காரணமும் வந்தது. அது உடை. மற்ற காரணங்களைத் தீர்க்கக் காலமும் பணமும் வேண்டும். இதைத் தீர்க்க ஓர் ஆணை போதும்.

2. இன்றுள்ள நிலை

பள்ளிப் பயிற்சி நேரத்தில் மாணவர்கள் ஷார்ட்ஸுக்கு மாறிவிடுகிறார்கள். மாணவிகளில் பெரும்பாலோர் சுடிதாரும் அதன்மேல் ஓவர்கோட்டுமாக ஓடுகிறார்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து பந்தைத் தடுக்கும் பிள்ளைகளை எங்கள் உடற்கல்வி ஆசிரியர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

போட்டி என்று வந்தால் நிலை வேறு. பெண்கள் ஹாக்கி என்றாலே ஸ்கர்ட்தான் என்ற எண்ணம் பல அமைப்பாளர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. ஓரிடத்தில் ஸ்கர்ட் இல்லாமல் ஆட முடியாது என்கிறார்கள். இன்னோரிடத்தில் ஷார்ட்ஸுக்குள் டைட்ஸ் அணிந்தால் சீருடை குலைகிறது என்கிறார்கள். பள்ளியிலோ டிராக் பேண்ட் தவிர வேறெதுவும் கூடாது என்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. நடுவர், அமைப்பாளர், நிர்வாகம் என்று ஆளுக்கொரு வழக்கம். கிளம்புவதற்கு முதல்நாள் இரவு வரை எதை எடுத்துவைப்பது என்று பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது.

அந்தத் தாய்மாரில் பலர் தீப்பெட்டி ஆபீஸில் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். மட்டை, ஷூ, முழங்கால் காப்பு வாங்கவே கடன்படுகிறார்கள். அதன்மேல் போட்டிக்கொரு உடை என்பது அவர்களுக்குத் தாங்காது.

மாதவிடாய் நாட்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. வெளிர்நிறக் கீழுடை கொடுக்கப்பட்ட அணியில், அந்த நாளில் ஒரு பெண் தலைவலி என்றோ காய்ச்சல் என்றோ சொல்லி ஒதுங்கிக்கொள்கிறாள். தேர்வு முகாமும் அதே நாளில் அமைந்துவிட்டால் அவளுடைய ஓராண்டு உழைப்பு வீணாகிறது.

3. ஹாக்கி விதி என்ன சொல்கிறது

பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பின் ஆட்ட விதிகள், ஒரே அணியின் களவீரர்கள் சீரான உடை அணிய வேண்டும் என்றும், பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் எதையும் அணியக்கூடாது என்றும் கூறுகின்றன. பெண்கள் ஸ்கர்ட்தான் அணிய வேண்டும் என்று அந்த ஆட்ட விதியில் இல்லை. நிறம் ஒன்றாக இருந்து, எண் தெளிவாகத் தெரிந்தால், எந்த அணி, எந்த வீராங்கனை என்று நடுவருக்கும் பார்வையாளருக்கும் விளங்கிவிடும்.

இங்கிலாந்து ஹாக்கி அமைப்பு இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்நாட்டு வீராங்கனை டெஸ் ஹோவர்ட், விளையாட்டு உடை காரணமாகச் சிறுமிகள் பள்ளிப் பருவத்திலேயே விளையாட்டை விட்டு விலகுவதைப் பற்றி ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டார். ஒரே அணியில் விரும்பியவர் ஷார்ட்ஸும் விரும்பியவர் ஸ்கர்ட்டும் அணிந்து ஆட அங்கே இப்போது இடமுண்டு. அதனால் ஆட்டத்தின் தரம் குறையவில்லை.

4. எங்கள் வெயிலும் எங்கள் மண்ணும்

கரிசல் பூமியில் கோடை என்பது இரண்டு மாதத்தோடு முடிவதில்லை. மாசியில் தொடங்கும் வெக்கை ஆவணி தாண்டியும் விடாது. கறுத்த மண் வெயிலை உள்வாங்கிக்கொண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகும் காலடியில் சூடு இருக்கும். செயற்கை இழைத் திடல் வெயிலில் காற்றைவிட அதிகமாகக் காயும். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்சித்தான் ஆட முடியும்.

ஓடும் உடல் வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றுப் புகாத இரண்டடுக்குத் துணி அந்த வழியை அடைத்துவிடுகிறது. உடல் வெப்பம் ஏறினால் முதலில் தசைப்பிடிப்பும் தலைசுற்றலும் வரும்; கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அரசே ஏற்றுக்கொண்ட ஒன்றின் நடுவே ஆடும் பிள்ளைகளுக்கு மெல்லிய, குறுகிய உடை அணியும் வாய்ப்பை மறுப்பது நியாயமாகாது.

அதே நேரத்தில், எல்லாப் பெண்களும் ஷார்ட்ஸ்தான் அணிய வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. கிராமத்துப் பள்ளிகளில் ஆடுவது செயற்கைத் திடலில் அல்ல, சரள் கலந்த கட்டாந்தரையில். விழுந்தால் முழங்கால் முழுக்கச் சிராய்ப்புத்தான். முட்டி மறைய டைட்ஸ் அணிவது அங்கே பாதுகாப்பு. குடும்ப வழக்கத்தாலோ, சமய நம்பிக்கையாலோ, கூச்சத்தாலோ உடல் மறைய உடுத்தி ஆட விரும்பும் பெண்ணும் எங்கள் பிள்ளைதான். ஷார்ட்ஸ் கேட்பவளை வெளியே நிறுத்தும் விதி எவ்வளவு தவறோ, டிராக் பேண்ட் கேட்பவளை வெளியே நிறுத்தும் விதியும் அவ்வளவு தவறு.

5. பிற விளையாட்டுகளில் நடந்த மாற்றங்கள்

கோல்ஃப் விளையாட்டில் நிலைமை எங்களுடையதற்கு நேர் எதிர். தொழில்முறை வீராங்கனைகள் நெடுங்காலமாக ஷார்ட்ஸ் அணிந்து போட்டியில் ஆடி வருகிறார்கள். ஆண்களுக்குத்தான் முழுக்கால் பேண்ட் கட்டாயமாக இருந்தது. ஐரோப்பியத் தொடர் 2016-இல் பயிற்சிச் சுற்றுகளில் ஷார்ட்ஸை அனுமதித்தது. அமெரிக்காவின் பி.ஜி.ஏ. தொடர் 2019-இல் அதே சலுகையை வழங்கியது. ஆயினும் போட்டி நாட்களில் பேண்ட் தொடர்ந்தது. அதே 2019-இன் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் லெப்பர்ட் கிரீக் திடலில் கடும் வெயில் அடித்தபோது, ஐரோப்பியத் தொடரின் போட்டியிலேயே ஷார்ட்ஸ் அணிய அனுமதி கிடைத்தது. 2022-இல் லிவ் கோல்ஃப் தொடரும் போட்டியில் ஷார்ட்ஸை ஏற்றது.

கோல்ஃபில் ஆண்களுக்குக் கண்ணியக் குறைவு எனப்பட்ட ஷார்ட்ஸ், ஹாக்கியில் ஆண்களுக்கு இயல்பான உடை. ஹாக்கியில் பெண்களுக்குப் பொருந்தாது எனப்படும் அதே ஷார்ட்ஸ், கோல்ஃபில் பெண்களின் வழக்கமான உடை. ஆகவே இந்தக் கட்டுப்பாடுகள் ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல; பழக்கத்திலிருந்து பிறந்தவை. பழக்கம் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தால் அதை மாற்றலாம், மாற்றவும் வேண்டும்.

பேட்மிண்டனில் பெண்களுக்கு ஸ்கர்ட்டைக் கட்டாயமாக்கும் முயற்சி 2011-இல் எழுந்து, எதிர்ப்பால் 2012-இல் கைவிடப்பட்டது. தலையை மறைக்கும் துணியோடு ஆடப் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014-இல் அனுமதித்தது. 2021-இல் நார்வே நாட்டுக் கடற்கரை ஹேண்ட்பால் வீராங்கனைகளுக்கு, பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் அணிந்ததற்காக அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் அந்த விதியே மாற்றப்பட்டது. வெள்ளை உடைக்குப் பேர்போன விம்பிள்டன் டென்னிஸ், மாதவிடாய் குறித்த கவலையை மதித்து, 2023 முதல் பெண்கள் அடர்நிற உள்ஷார்ட்ஸ் அணிய இடம் கொடுத்தது.

நம் மாநிலத்திலும் முன்னுதாரணம் இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாசலிலேயே தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி, வேட்டி அணிந்தவரை மன்றங்களும் பொது இடங்களும் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் பாரம்பரிய உடைக்கானது. எங்கள் கோரிக்கைக்கு நேரடியாகப் பொருந்தாது என்பதை அறிவோம். ஆனால் யாரோ வகுத்துவிட்டுப் போன உடைப் பழக்கத்துக்காக ஒரு மனிதரை வாசலில் நிறுத்தக்கூடாது என்று தமிழ்நாடு ஒரே மாதத்தில் முடிவெடுத்தது. நீதிபதிக்குக் கிடைத்த அந்த மரியாதை எங்கள் மாணவிகளுக்கும் கிடைக்க வேண்டுகிறோம்.

6. எழக்கூடிய ஆட்சேபணைகள்

ஊர் என்ன பேசும் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கவலையை நாங்கள் புறந்தள்ளவில்லை. யாரும் எதையும் அணியக் கட்டாயம் இல்லை என்று ஆணையில் இருந்தால், தயங்கும் பெற்றோரும் மகளை நம்பி அனுப்புவார்கள். இன்று அவர்களைத் தடுப்பது, வெளியூரில் எதை உடுத்தச் சொல்வார்களோ என்ற அச்சம்தான்.

ஒழுங்கு குலையும் என்பாரும் உண்டு. நேரத்துக்கு வருவதும், நடுவர் முடிவை ஏற்பதும், எதிரணியை மதிப்பதுமே திடலின் ஒழுங்கு. ஒரே நிறத்தில் பலவகைக் கீழுடை இருப்பதால் அது குலையாது.

7. எங்கள் கோரிக்கைகள்

அ) முதலமைச்சர் கோப்பை, பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் ஆகியவற்றில் குறுவட்டம் முதல் மாநிலம் வரை எல்லா நிலைகளிலும், மாணவிகள் ஷார்ட்ஸ், ஸ்கர்ட், டிராக் பேண்ட், டைட்ஸ் ஆகியவற்றுள் விரும்பியதை அணியலாம், நிறமும் எண்ணும் மட்டும் அணிக்கு ஒன்றாக இருந்தால் போதும் என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும்.

ஆ) அந்த ஆணையைத் தமிழில் அச்சிட்டு, போட்டி அறிவிப்போடு எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். உடையைக் காரணம் காட்டி எந்த மாணவியையும் ஆடவிடாமல் நிறுத்தக்கூடாது என்று நடுவர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் அறிவுறுத்த வேண்டும்.

இ) அரசு நிதியில் வழங்கும் அணிச் சீருடையில் கீழுடை அடர்நிறத்தில் இருக்க வேண்டும்.

ஈ) அரசுப் பள்ளி மாணவிகளுக்கு விலையில்லாச் சீருடையோடு ஒரு விளையாட்டு உடையும் வழங்க வேண்டும். அதன் வகையை மாணவியே தேர்ந்தெடுக்க வேண்டும். உடற்கல்விப் பாடவேளையில் ஓவர்கோட்டும் துப்பட்டாவும் கட்டாயம் இல்லை என்று தெளிவுபடுத்த வேண்டும்.

உ) போட்டி நடக்கும் ஒவ்வொரு திடலிலும் தாழ்ப்பாளுடன் கூடிய உடை மாற்றும் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, நாப்கின் வசதி ஆகியவை உள்ளனவா என்று சரிபார்த்த பிறகே அனுமதி வழங்க வேண்டும். அறை இல்லாததால், விளையாட்டு உடையின் மேலேயே சுடிதாரைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் காலை முதல் பேருந்தில் வருகிறார்கள்.

ஊ) பெண் உடற்கல்வி ஆசிரியர்களும் பெண் நடுவர்களும் திடலில் பணியாற்றும்போது விளையாட்டு உடை அணியலாம் என்று ஆணையில் சேர்க்க வேண்டும்.

எ) உடை தொடர்பான புகார்களைப் பெற ஒரு பெண் அலுவலரை நியமிக்க வேண்டும். புகார் கொடுத்த மாணவி அணித் தேர்வில் பழிவாங்கப்படாமல் பாதுகாக்க வேண்டும்.

இவற்றுள் அ, ஆ, இ, ஊ ஆகிய நான்கிற்கும் பெரிய செலவு எதுவும் இல்லை. கோடைப் போட்டிகளுக்கு முன்பே அவற்றை நிறைவேற்ற முடியும். ஈ, உ, எ ஆகியவற்றுக்கு அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தைக் கால எல்லையாகக் கொள்ள வேண்டுகிறோம். தாங்கள் அழைத்தால் வீராங்கனைகளோடும் பெற்றோரோடும் நேரில் வந்து விளக்கம் அளிக்கச் சித்தமாக இருக்கிறோம். ஆணையின் வரைவைத் தயாரிக்கும் குழுவில் ஆடும் மாணவிகள் இருவருக்காவது இடமளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் மகள்கள் மட்டையைப் பிடிக்கத் தயாராக இருக்கிறார்கள். உடை ஒரு தடையாக இல்லாமல் அவர்கள் ஆடுவதற்குத் தாங்கள் விரைந்து ஆவன செய்யுமாறு பணிவுடனும் உறுதியுடனும் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் – செயலாளர் – பொருளாளர்
(சங்க உறுப்பினர்கள் அனைவரின் சார்பில்)

நகல்:
1. வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள், கோவில்பட்டி.
2. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்கள், தூத்துக்குடி.
3. மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள், கோவில்பட்டி.